ஜன்னல் அளவுப் பெரியம்மா

மூன்றாவது ஸ்டேஷனில் இறங்கியவர்கள் எல்லாரும் அடுத்த கதவு வழியாக அதே ரயிலுக்குள் ஏறி வந்த வருஷத்தில்தான் காஜாக்காரியின் தங்கை முழுகாமல் இருந்தாள். காஜாக்காரி என்றால், தையல் கடையில் சட்டைகளுக்குப் பொத்தான் துளை வெட்டி நூலால் ஓரம் கட்டுகிறவள். தாய் இந்தத் தங்கையைப் பெற்றுப்போட்ட அன்றே கண்ணை மூடிவிட்டாள். அக்காதான் இடுப்பில் தூக்கி வளர்த்து, மூன்றாவது ஸ்டேஷன் ஊரில் சலூன் வைத்திருந்தவருக்குக் கட்டிக்கொடுத்தாள். "உன் பிரசவத்துக்கு நான் பக்கத்துல இருப்பேன்டி, பயப்படாத" என்று தங்கையின் தலையில் கைவைத்துச் சத்தியமும் செய்திருந்தாள்.

அந்த ரயில் பாதையை யாரும் கவனித்து வெகுகாலம் ஆகியிருந்தது. ஸ்டேஷன் பெயர்ப்பலகையில் எழுத்து உதிர்ந்தது, கூரையில் ஓடு உதிர்ந்தது, கடைசியில் மனிதரை வாங்கிக்கொள்ளும் பழக்கமும் உதிர்ந்துபோயிற்று என்று ஊரார் பேசிக்கொண்டார்கள். இறங்குவதற்குக் கால் வைத்தால் நடைமேடை தட்டுப்படாது, பக்கத்துப் பெட்டிதான் தட்டுப்படும். தண்டவாளத்தோடு நடந்து பார்த்தவர்கள் நான்காவது ஸ்டேஷனில் போய் நின்றார்கள், ஊருக்குள்ளிருந்து வெளியே நடந்தவர்கள் அதே நடைமேடையில் வந்து நின்றார்கள். ரோட்டுப் பாலமும் தொலைபேசிக் கம்பியும் ஏற்கனவே ஆற்றோடு போயாயிற்று. சோதனைக்கு வந்த அதிகாரி கோப்பும் கையுமாக இறங்கினார், கோப்பும் கையுமாக ஏறினார், ஸ்டேஷன் நல்ல நிலையில் இருப்பதாக எழுதிவிட்டுப் போனார். இறங்க முடியாத இடத்தில் ரயில் நிற்பானேன் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. ஓட்டுநர் இரக்கப்பட்டு வேகத்தைக் குறைப்பார். ரொம்பக் குறைத்தால் கிழட்டு இஞ்சின் அணைந்துவிடும். அவரும் என்ன செய்வார், பாவம்.

ஆனால் ஜன்னல் வழியாகக் குரல் போய்ச் சேர்ந்தது, எறிந்த பொட்டலமும் போய்ச் சேர்ந்தது. ஜன்னல் நடைமேடையைக் கடக்கிற நேரத்தில் ஒரு வாக்கியம் சொல்லலாம். அதற்குப் பதில் சாயங்காலம் ரயில் திரும்பும்போது கிடைக்கும். ஒரு கல்யாணப் பேச்சு மழைக்காலம் முழுக்க இப்படி நடந்தது. ஒரு மாமன் மச்சான் சண்டை, காரணம் மறந்துபோன பிறகும் மரியாதைக்காகத் தொடர்ந்தது. காஜாக்காரி கடைச் சட்டைகளை மடியில் போட்டுக்கொண்டு தினமும் ரயிலேறினாள். "கால் வீங்குதுக்கா" என்பாள் தங்கை காலையில். "தலகாணி வச்சுப் படுடி" என்பாள் அக்கா சாயங்காலம். மூன்றாவது ஸ்டேஷனைக் கடக்கையில் எடுத்த காஜா மட்டும் கோணிக்கொள்ளும். அந்த வட்டாரத்துச் சட்டைகளில் ஒரு பொத்தான் இன்றைக்கும் சரியாக மாட்டாது.

ஒரு நாள் காலையில் தங்கை வரவில்லை. சலூன்காரர் சோப்பு நுரை பூசின பிரஷ்ஷோடு ஓடி வந்து, "அக்கா, வலி எடுத்துடுச்சு!" என்று கத்தினார். காஜாக்காரி சட்டைகளை உதறிவிட்டுக் குதித்தாள். அடுத்த பெட்டியில் விழுந்தாள். எழுந்து மறுபடி குதித்தாள், அதற்கடுத்த பெட்டியில் விழுந்தாள். முட்டி பெயர்ந்து ரத்தம் வழிய, விழுந்து விழுந்து ரயிலின் வால்வரை வந்துவிட்டாள். கார்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, இதுக்கு மேல பெட்டி இல்லக்கா" என்றார். அவர் கண்ணிலும் தண்ணீர். நடைமேடை பின்னால் போய்ச் சின்னதாகி மறைந்தது.

சாயங்காலம் சலூன்காரர் நின்றிருந்தார். "பொண்ணு பொறந்திருக்கா!" என்றார். அதோடு ஜன்னல் தாண்டிவிட்டது. பெற்றவள் என்ன ஆனாள் என்று இவள் வாய் திறந்து கேட்டது வேலிக்கும் புல்லுக்கும்தான் கேட்டது. தாய் போனதும் ஒரு பெண் குழந்தையைப் பெற்றுத்தானே. அந்த ராத்திரியை அவள் எப்படிக் கழித்தாள் என்று நான் சொல்ல மாட்டேன் கண்ணுகளா, நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் சலூன் நாற்காலியையே தூக்கி வந்து நடைமேடையில் போட்டிருந்தார்கள். அதில் துணி மாதிரி வெளுத்துப்போய்த் தங்கை உட்கார்ந்திருந்தாள், மடியில் குழந்தை. தனக்குக் கிடைத்த ஒரு வாக்கியத்தை அவள் இப்படிச் செலவழித்தாள்: "வரேன்னு சொன்னியேக்கா."

காஜாக்காரி பாதையின் கடைசிவரை போய், அங்கே பெஞ்சில் உட்கார்ந்து, பகல் முழுக்கப் பதிலை யோசித்தாள். எந்தப் பதிலும் ஜன்னல் அளவுக்குள் அடங்கவில்லை. சாயங்காலம் ஒரு குட்டிச் சட்டையை வீசி, "காஜா பெருசா இருக்கும், ஊக்கு குத்திடாத, புள்ளைய குத்திடும்" என்று மட்டும் சொன்னாள். தங்கை சட்டையைப் பிடித்து மூக்கில் வைத்துக்கொண்டாள். அந்தப் பேச்சு அதற்கப்புறம் எழவில்லை.

வருஷங்கள் ஓடின. குழந்தை காலையில் தவழ்ந்தது, சாயங்காலம் நடந்தது என்கிற மாதிரி வளர்ந்தது. பள்ளிக்கூடத்தில் குடும்பத்தை வரையச் சொன்னார்கள். அம்மாவை வரைந்தது, சீப்போடு அப்பாவை வரைந்தது, பக்கத்தில் பெரியம்மாவை வரைந்தது. பெரியம்மாவுக்கு இடுப்புக்குக் கீழே ரயில். டீச்சர் அதைத் திருத்தவில்லை. டீச்சரின் அண்ணனும் ஜன்னலோடுதான் வந்துபோய்க்கொண்டிருந்தார். குழந்தை படத்தைச் சுருட்டி ஜன்னலுக்குள் எறிந்தது. காஜாக்காரி பிரித்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். கார்டிடமும் காட்டினாள். "ஜாடை அப்படியே இருக்கு" என்றார் அவர்.

மறுநாள் காலையில் அவள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "பெரியம்மாவுக்குச் சக்கரம் போட மறந்துட்டியே, கண்ணு!" என்றாள். சாயங்காலம் குழந்தை புதுப் படத்தைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது. சக்கரமெல்லாம் இருந்தது.