நீவெஸின் தையல்

"நீ விருந்தாளி. உக்காந்து காப்பியைக் குடி."

"மூணு வருஷம் கழிச்சு வந்தவளுக்கு இதுதான் மரியாதையா? தலையணையை இப்படித் தள்ளுக்கா."

"கோவிச்சுக்கிட்டு கடல் தாண்டி மெஸ்த்ரேக்கு ஓடினவதானே நீ."

"அப்பா வீட்டுச் செவப்புச் சுவருக்கு என்னைக் கேக்காம மஞ்சள் பெயின்ட் அடிச்சா ஓடாம?"

வழக்கம்போல அக்கா எர்சீலியாவும் தங்கை நீவெஸும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நடுவே லேஸ் பின்னும் தலையணையில் கிடந்தது எர்சீலியா மகளின் கல்யாண முக்காடு. புரானோ தீவில் ஒருத்திக்கு ஒரு தையல்தான். எர்சீலியா பூப் போடுவாள். பூவோடு பூவைச் சேர்ப்பது நீவெஸின் கை. அந்த இழைகள் இல்லாமல் அடியிலிருக்கும் மாதிரிக் காகிதத்திலிருந்து பிரித்தால் பூக்கள் தனித்தனியே உதிர்ந்துவிடும். இந்த முக்காட்டில் அப்படி ஓர் இழைகூட இன்னும் ஓடவில்லை.

"கல்யாணத்துக்கு ஒரு மாசந்தான் இருக்கு. அடுத்த வீட்டுப் பீனா இந்தத் தையலைப் போடமாட்டாளா?"

"போடறேன்னு நாலு தடவை வந்தா."

"அப்புறம்?"

எர்சீலியா நூலெடுக்க இழுப்பறையைத் திறந்தாள். வெண்ணெயும் எலுமிச்சையும் மணந்தன. வாசனைக்காகத் துணிகளுக்கிடையே வைக்கும் ஈஸ்டர் பிஸ்கட்தான், வளையல்போல வட்டமாக, இந்த வருஷத்துப் புதுசு. வளையத்துக்குள்ளே நீவெஸ் விட்டுப்போன ஊசி டப்பா துடைத்து வைக்கப்பட்டிருந்தது.

நீவெஸ் டப்பாவைத் திறந்து ஊசியை எடுத்தாள். நூல் கோக்க மூன்று தடவை முயல வேண்டியிருந்தது. பிறகு குனிந்து, முதல் இரண்டு பூக்களுக்கு நடுவே இழையை ஓட்டினாள்.

வெளியே படகு ஊதியது.

"அஞ்சு மணிப் படகுடி அது. நீ போறியா, இல்ல உனக்கும் சேத்து மீன் சோறு வைக்கவா?"