முதல் வண்டி ஓட்டுகிற அம்மா

"அழணும்மா," என்றார் வக்கீலம்மா. "ரொம்ப வேண்டாம், கண்ணு கலங்கினாப் போதும்."

"எனக்கு வராதே."

"மகளை நினைச்சுக்கோ."

"அவளை நினைச்சா சிரிப்புதான் வருது. இன்னைக்கு லீவுன்னு நான் வீட்டுல இருந்தேனா, காலையில தட்டுல இருந்த முட்டைக்குப் பேர் வெச்சுட்டு, இனிமே இவனைச் சாப்பிட மாட்டேன்னு உட்கார்ந்துட்டா."

வக்கீலம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். குடும்ப நீதிமன்றத்தின் நடையில் காற்றே இல்லை. பதினோரு வருடமாகப் பேருந்து ஓட்டுகிறவள் அவள். எட்டு வயது மகள் சுண்டெலி யாரிடம் வளர்வது என்று இன்றைக்குத் தீர்ப்பு. எதிர் பெஞ்சில் சுண்டெலியின் அப்பா, அதே பணிமனையில் டைம்கீப்பர். இருவரும் பிரிந்து எட்டு மாதம் ஆகிறது.

"இன்னொண்ணு," என்று வக்கீலம்மா குரலைத் தாழ்த்தினார். "வண்டியை விட்டுட்டு டிக்கெட் கவுண்டருக்கு மாறிக்கிறேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு."

"கவுண்டர்ல உட்கார்ந்தா நல்ல அம்மா, டிரைவர் சீட்டுல உட்கார்ந்தா கெட்ட அம்மாவா? ரெண்டும் உட்கார்ற வேலைதானே!"

உள்ளே கூப்பிட்டார்கள்.

டைம்கீப்பருடைய வக்கீல் ஒரு கட்டுக் காகிதத்தை நீதிபதியிடம் நீட்டினார். "ஏழு மாத டூட்டி சார்ட்டுங்கய்யா. தினமும் ஐந்து மணிக்கு முதல் வண்டி. பிள்ளை கண் விழிக்கும்போது தாய் வீட்டில் இல்லை. எதிர்வீட்டுப் பெண்தான் பள்ளிக்கு அனுப்புகிறார். தந்தைக்கோ பகல் வேலை."

"ஏம்மா, இது உண்மையா?"

"உண்மைதாங்கய்யா. ஒரு நாள்கூட லேட்டா எடுத்ததில்லை."

பின்னால் யாரோ சிரித்தார்கள். வக்கீலம்மா அவள் காலை மிதித்தார்.

"வேற ஷிப்டு கேட்கக் கூடாதா?"

"அஞ்சு தடவை எழுதிக் கொடுத்தேங்கய்யா."

"யார்கிட்ட?"

"அதோ, அவர்கிட்டதான். எங்க எல்லாருக்கும் டூட்டி போடுறது அவர்தானே."

நீதிபதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாள்களைப் புரட்டினார். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரே கையெழுத்து. பிள்ளையைக் கேட்டு டைம்கீப்பர் போட்டிருந்த மனுவிலும் அதே கையெழுத்து.

"இதைப் போட்டது நீங்களா?"

"அது வந்து... சுழற்சி முறைங்கய்யா."

"சுழற்சின்னா சுத்தணுமே. ஏழு மாசமா ஒரே இடத்துல நிக்குதே?"

அவருடைய வக்கீல் திரும்பிப் பார்த்த பார்வையில் டைம்கீப்பர் பாதி ஆளாகிவிட்டார்.

"என்கிட்ட ஏம்மா சொல்லலை?" என்று வக்கீலம்மா பல்லைக் கடித்தார்.

"அழச் சொன்னீங்களே தவிர, இதை எங்க கேட்டீங்க?"

நீதிபதி பேனாவை எடுத்தார். "சரிம்மா, அது இருக்கட்டும். பிள்ளை வளர்ற வரைக்கும் கவுண்டர் வேலைக்கு மாறிக்கலாம் இல்லையா?"

வக்கீலம்மா நறுக்கென்று கிள்ளினார்.

"மாட்டேங்கய்யா."

"தீர்ப்பு இன்னும் எழுதலைம்மா."

"தெரியும்ங்கய்யா. அதான் எழுதறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன்." கிள்ளிய இடத்தைத் தேய்த்துக்கொண்டே தொடர்ந்தாள். "பகல் ஷிப்டு கொடுத்தா ரெண்டு கையாலயும் வாங்கிக்கறேன். வண்டியை மட்டும் விட மாட்டேன். எங்கம்மா பஸ் ஓட்டுறான்னு சுண்டெலி ஸ்கூல் முழுக்கப் பீத்திக்கிட்டுத் திரியறா. அவ முகத்தை எப்படிப் பார்ப்பேன்? அப்பாவைப் பார்க்கக் கூடாதுன்னும் நான் சொல்லலை. மனுஷன் கணக்கு நல்லாச் சொல்லித் தருவார். லீவு நாள்ல கூட்டிட்டுப் போகட்டும்."

நீதிபதி வெகுநேரம் எழுதினார். பிறகு படித்தார். பள்ளி நாட்களில் மகள் தாயிடம். சனி, ஞாயிறும் நீண்ட விடுமுறையில் பாதியும் தந்தையிடம்.

"இவங்க டூட்டியை இனி மேலாளரே போடணும்னு பணிமனைக்குக் கடிதம் போகும்," என்று டைம்கீப்பரைப் பார்த்தார். "அந்தப் பக்கம் நீங்க கை வைக்கக் கூடாது."

வெளியே வந்ததும் டைம்கீப்பர் வழிமறித்தார். "எல்லார் முன்னாடியும் என்னை அசிங்கப்படுத்திட்ட."

"நானா? கட்டுக்கட்டாக் கொண்டு வந்து கொடுத்தது யாரு?"

அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, யாரோ மூன்றாம் மனிதரிடம் விசாரிப்பதுபோல, "சனிக்கிழமை எத்தனை மணிக்கு வரட்டும்?" என்றார்.

"ஒன்பதுக்கு வாங்க. தெருவுல நின்னு ஹாரன் அடிக்காதீங்க. கதவைத் தட்டி, உள்ள வந்து உட்கார்ந்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு அழைச்சிட்டுப் போங்க. அவ உங்க மக. ஏத்தி இறக்குற சரக்கு இல்லை."