மூன்று பங்கு மாவு, ஒரு பங்கு நெய்

பெருநாளுக்கு மூன்று நாள் இருந்தது. ஹூரியா எங்கள் வீட்டுக்கு வந்து பத்து நாளாகியும் திரும்பிப் போகிற பேச்சையே எடுக்கவில்லை. அவள் என் வீட்டுக்காரரின் தங்கை. வாய் திறந்து அழுகிறவள் இல்லை. அழுதிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

நடந்தது இதுதான். ஹூரியாவின் வீட்டுக்காரர் லக்தர். விருந்துக்கு வந்த அவர் அக்கா, ஹூரியா செய்த க்ரைபியா பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் பக்குவம் கேட்டிருக்கிறாள். "மூணு பங்கு மாவு, ஒரு பங்கு நெய், ஒரு பங்கு பொடிச்ச சர்க்கரை" என்றாள் ஹூரியா. எந்தக் கிண்ணத்தால் என்று கேட்டதற்கு, எதுவானாலும் சரி என்றாள்.

லக்தர் சிரித்திருக்கிறார். முப்பது வருடம் சந்தையில் எடைக்கல் சோதித்த அதிகாரி அல்லவா! "ஒரு கடைக்காரன் என்கிட்ட இப்படிச் சொல்லியிருந்தா கடைக்கே சீல் வச்சிருப்பேன். இவளுக்கு அளவுன்னா என்னன்னே தெரியாது. கல்யாணமாகி இருபத்தாறு வருஷமா குத்துமதிப்புதான்" என்று பன்னிரண்டு பேர் முன்னால் சொல்லிவிட்டார். மறுநாள் காலை ஹூரியா செதீஃபில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் பேருந்து ஏறிவிட்டாள்.

அவள் வந்த பத்தாம் நாள் மத்தியானம் லக்தர் வந்து நின்றார். சட்டையெல்லாம் மாவு, கையில் ஒரு தகர டப்பா. ஹூரியா மூடியைத் திறந்தாள். உள்ளே பாதி கட்டி, பாதி தூள்.

"எந்தக் கடையில வாங்கினீங்க?"

"நானேதான் செஞ்சேன். ரெண்டு தடவை. உருட்டவே வரல. கையில ஒட்டாம மணலாட்டம் உதிருது."

"எவ்வளவு போட்டீங்க?"

"நீ சொன்னதேதான். மூணு கிலோ மாவு, ஒரு கிலோ நெய், ஒரு கிலோ சர்க்கரை. ஒரு கிராம் கூடல, குறையல."

ஹூரியா சிரித்தாள். பத்து நாளில் முதல் முறை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே அவள் முகம் மாறியது. "உங்க தராசைக் கொண்டு வாங்க" என்றாள்.

அது இல்லாமலா வருவார்? காரிலிருந்து எடுத்து வந்தார். ஹூரியா என் சாலட் கிண்ணத்தில் தலைதட்டி மாவு அளந்து வைத்தாள். அரை கிலோ, கொஞ்சம் கூட. அதே கிண்ணத்தில் உருக்கிய நெய். ஒரு கிலோவுக்கு நூறு கிராம்தான் குறைவு.

லக்தர் இரண்டையும் மறுபடி நிறுத்தார். தராசைத் தட்டிப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"மூணு கிண்ணம் மாவே ஒன்றரை கிலோ சொச்சம்தான், அதுக்கே ஒரு கிலோகிட்ட நெய். நான் மூணு கிலோ மாவுக்கு அதைப் போட்டிருக்கேன்" என்றார் மெதுவாக. "நீ சரியாத்தான் அளந்திருக்க ஹூரியா. எல்லாருக்கும் முன்னாடி உன்னைப் போய்..."

"இதை என்கிட்ட மட்டும் சொன்னா போதுமா?"

லக்தர் என்னைப் பார்த்தார். நான் உதவவில்லை. ஏன் உதவ வேண்டும்? அவர் போனை எடுத்தார். எல்லோருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியைப் போட்டார்.

"அக்கா, அன்னைக்கு விருந்துல நான் ஹூரியாவைப் பத்திப் பேசினது தப்பு. அவ அளவு சரி. எனக்குத்தான் தெரியல. பெருநாளைக்கு எல்லாரும் வரும்போதும் இதைச் சொல்றேன்."

"தப்புன்னு எங்க எல்லாருக்கும் அன்னைக்கே தெரியும்டா, மடையா" என்றாள் அக்கா. "பொண்டாட்டிய கூட்டிட்டு வா முதல்ல."

ஹூரியா உள்ளே போய்ப் பையை எடுத்து வந்தாள். என் வீட்டுக்காரர் எழுந்து அதை வாங்கப் போனார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன்.

லக்தர் தூக்கட்டும்.