நடுக்கரைப் புற்று

செலியமேட்டுக்கு மேற்கே ஓடைக்குக் குறுக்கே இரண்டு ஆள் உயரத்துக்கு நின்ற மண்கரை சர்க்கார் போட்டதல்ல. மழைக்காலத்தில் வெள்ளம் நெல்லை வாரிக்கொண்டு போகாமலிருக்கப் பச்சையப்பனின் அப்பா சொந்த நிலத்தில் போட்டது. புதுச்சேரிக்குப் பிரெஞ்சுக்காரன் கவர்னர் என்றால், இந்தக் கரைக்குப் பச்சையப்பன்தான் கவர்னர். ஆண்டுதோறும் மாசியில் கரை முழுக்கக் கொத்தி, மண் ஏற்றி மிதிப்பார். ஓர் இடத்தை மட்டும் தொடமாட்டார். நடுக்கரையில் இருந்த புற்று.

அவர் பெண்சாதி தையலம்மாள் அந்தப் புற்றுக்கு நேர்ந்துகொண்டுதான் கஸ்தூரியைப் பெற்றாள். இருபது வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் பாலும் முட்டையும் வைத்தாள். மறுநாள் முட்டை இருக்காது. புற்றில் மண் பெயர்ந்தால் பெண்ணுக்கு ஆகாது என்று நம்பினாள். அவரும்தான்.

அந்தக் கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழை. கூரை ஒழுகலைப் பிடித்துக்கொண்டு கெளுத்தி மீன்கள் பரண்மேல் ஏறிவிட்டன. அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை, குழம்பு வைத்தார்கள். நாலாம் நாள் உச்சிப்பொழுதில் கரைமேல் நடந்த பச்சையப்பன் வெளிப்பக்கம் குனிந்து பார்த்தார். அடியில் தண்ணீர் கசிந்தது. கசிவு பழசுதான். தெளிந்து வந்தால் கரைக்கு வியர்க்கிறது என்று விட்டுவிடலாம். இன்று கலங்கலாக வந்தது. உள்ளே மண் கரைகிறது. நேர் மேலே புற்று.

கரைக்குக் கீழே கூப்பிடு தூரத்தில் அவர் வீடு. உள்ளே கஸ்தூரி, ஒன்பது நாள் குழந்தையோடு.

தையலம்மாளின் தம்பி சிங்காரவேலு மம்முட்டியோடு ஓடிவந்தான்.

"புத்த வெட்டி உள்ள அடைக்கணும். வெட்டுடா!" என்றார் பச்சையப்பன்.

"நானா? போ மாமா. கவுனரு நீதானே, நீ வெட்டு."

"அப்ப பொண்ணத் தூக்கினு போயிடலாமா?"

"ஊருக்குப் போற வழியெல்லாம் கழுத்தளவு தண்ணி. பச்ச ஒடம்புக்காரிய எங்க தூக்கினு போவ?"

பச்சையப்பன் மம்முட்டியை வாங்கி ஓங்கினார். கை இறங்கவில்லை. வெட்டினால் புற்று பெண்ணைக் கேட்கும், வெட்டாவிட்டால் தண்ணீர் கேட்கும். ஓங்கிய கையோடு நின்றார். கீழே கசிந்த இடம் கையகல ஓட்டையாகி, பானை வாய் அளவுக்கு வந்துவிட்டது.

தையலம்மாள் கரையேறி வந்தாள். ஓட்டையைப் பார்த்தாள், வீட்டைப் பார்த்தாள்.

"இன்னாயா சாமி செலையாட்டம் நிக்கிற? குடு இங்க."

பிடுங்கினாள். "எம்மேல வா தாயே, அவமேல போவாத" என்று கண்ணை மூடி வெட்டினாள்.

நாகம் வரவில்லை. பெருச்சாளி வந்தது. ஒன்று, நாலு, பதினேழு. இருபது வருஷ முட்டையில் ஊறிய உடம்புகள். கன்றுக்குட்டி அளவு என்று சிங்காரவேலு பின்னால் சொல்லித் திரிந்தது பொய். ஆட்டுக்குட்டி அளவுதான்.

"அக்கா, ஒஞ்சாமிக்கு மீச இருக்குதே!"

"வாய மூட்றா! வைக்கோல் கொண்டா!"

கரைக்குள் அவை குடைந்திருந்த பள்ளத்தில் மாட்டுவண்டியே நிற்கும். ஒரு வைக்கோல்போர் முழுக்க உள்ளே போனது. மாட்டுக்கொட்டகைக் கதவு போனது. அதன்மேல் களிமண்ணைக் கொட்டி மூவரும் மிதித்தார்கள். பொழுது சாய்வதற்குள் கலங்கல் மெலிந்து, தெளிந்தது.

தையலம்மாள் வீட்டுக்கு ஓடினாள். வாசலில் நின்றுவிட்டாள். உள்ளே கால் போகவில்லை.

"கஸ்தூரி!"

நிலையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"ஏ கஸ்தூரி!"

"இன்னாமா, கத்தாத. இப்பத்தான் தூங்குது."

தையலம்மாள் சேற்றிலேயே உட்கார்ந்தாள்.

பச்சையப்பன் அடைத்த இடத்தைவிட்டு அசையவில்லை.

"எறங்கு மாமா, தெளிஞ்சிபோச்சி."

"நான் கால எடுத்தா புட்டுக்கும்டா."

சோறு கரைக்கு வந்தது. நின்றே தின்றார், நின்றே தூங்கினார். மூன்றாம் நாள் நல்ல வெயில் அடித்தது. ஒரு காலை மெள்ளத் தூக்கினார். கீழே எட்டிப் பார்த்தார். திரும்ப அதே இடத்தில் வைத்துக்கொண்டார்.