இரண்டு பஸ் தூரம்

மாமா எட்டாம் வகுப்பு வரை படித்தவர். நான் மூன்று வருடம் கல்லூரியில் உட்கார்ந்து படித்த பொருளாதாரத்தை, ஒரு டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிட்டார்.

ஆவணி மாதம், ஞாயிற்றுக்கிழமை. கோட்டுச்சேரியில் எங்கள் வீட்டுக் கூடம். மாமா சிதம்பரநாதன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய அக்கா, என் அம்மா காசியம்மா, கட்டிலில் கால்களை நீட்டியிருந்தாள். இரண்டு முழங்காலும் மடங்குவதில்லை. தங்கை முத்தமிழ் அடுப்படியில் இருந்தாள். பேசுவது அங்கே கேட்கும்.

"நெரவியில நீலமேகம்னு ஒருத்தரு. நம்ம சனந்தான். ஒரு பையன், ஒரு பொண்ணு. பையன் செம்பியன், துறைமுகத்துல கிரேன் ஓட்டுறான். பொண்ணு செந்தாமரைக்கு முப்பது ஆவுது. ஒரு தடவ நிச்சயமாயி நின்னு போச்சு. பையனுக்கு நம்ம முத்தமிழக் கேக்குறாங்க. ஆனா ஒண்ணு. பொண்ணு குடுத்துத்தான் பொண்ணு எடுப்பாங்களாம்."

"அந்தப் பொண்ண யாருக்குக் குடுக்கிறதாம்?" என்று அம்மா தெரிந்தே கேட்டாள்.

மாமா என் முகத்தைப் பார்க்காமல் என் பக்கம் கையைக் காட்டினார்.

என் மனைவி வெண்மதி போய் அப்போது பதினான்கு மாதம். மூன்று நாள் காய்ச்சல். நான்காம் நாள் இல்லை. அவளுக்கு இருபத்தொன்பது வயது. எனக்கு முப்பத்தொன்று.

"சொல்றதக் கேளுங்க" என்றார் மாமா. "அந்த வீட்டுல சம்பளம் வாங்குற பொம்பள இல்ல. இந்த வீட்டுல வீட்டப் பாக்குற பொம்பள இல்ல. முத்தமிழு நர்சு. அங்க போனா மாசாமாசம் காசு. அந்தப் பொண்ணு வீட்டுல இருக்குற பொண்ணு, எல்லா வேலயிலயும் கெட்டி. இங்க வந்தா ஒன் முட்டிக்கும் ஆச்சு, இவன் சோத்துக்கும் ஆச்சு. நகை பேச்சே கெடையாது. ஒரே மண்டபம், ஒரே சாப்பாடு. யாருக்கு நட்டம், சொல்லு மாப்ள. டிகிரி படிச்சவன்தான நீ?"

"நம்ம புள்ளய அங்க கண்ணக் கசக்க விட மாட்டாங்க" என்றாள் அம்மா. "அவங்க புள்ள இங்க இருக்கும்ல."

அதற்குப் பிணை என்று பெயர். என் பாடப் புத்தகத்தில் அது மட்டும் இல்லை. மற்றதெல்லாம் இருந்தது. இரண்டு நாடுகள். ஒன்று துணி நெய்யும், ஒன்று ஒயின் வடிக்கும். இரண்டும் மாற்றிக்கொண்டால் இரண்டுக்கும் லாபம். துணியையும் ஒயினையும் கேட்டுக்கொண்டு மாற்றினார்கள் என்று எந்தப் பக்கத்திலும் போட்டிருக்கவில்லை.

அந்தப் பாடம் எனக்குக் கல்லூரியில் புரியவில்லை. கல்யாணமான இரண்டாவது வாரம் வெண்மதி புரிய வைத்தாள். அவள் மேல்நிலை வகுப்புக்குப் பொருளாதாரம் எடுத்தவள். எனக்கு ஒரு தனியார் கல்லூரி அலுவலகத்தில் வேலை. வீட்டு வேலையை எப்படிப் பிரிப்பது என்று பேச்சு வந்தது.

"சமையல் எனக்கு நாப்பது நிமிஷம். உங்களுக்கு?"

"ரெண்டு மணி நேரம்."

"பாத்திரம் எனக்கு இருவது நிமிஷம். உங்களுக்கு இருவத்தஞ்சு. நேத்து பாத்தேன். ரெண்டுலயும் நான்தான் கெட்டி. அதுக்காக ரெண்டையும் நானே செஞ்சா நான் முட்டாளு. நீங்க எதுல கொஞ்சமாத் தோக்குறீங்க?"

"பாத்திரத்துல."

"பாஸ். போய்க் கழுவுங்க."

நாலு வருடம் கழுவினேன். அவள் போன பிறகு முத்தமிழ் சமைக்கிறாள். பாத்திரம் இன்னும் நான்தான்.

மாமா போன பிறகு குழாயடியில் உட்கார்ந்து கழுவிக்கொண்டிருந்தேன். முத்தமிழ் குக்கரைக் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டுப் போகவில்லை.

"அந்த செம்பியனத் தெரியுமா ஒனக்கு?" என்று கேட்டேன்.

"அவங்க அப்பா கால்ல புண்ணு. கட்டுப் போட எங்க கிளினிக்குக்குக் கூட்டிட்டு வருவாரு."

"எப்படி?"

"பரவால்லண்ணே."

எங்கள் வீட்டில் பரவாயில்லை என்பது பெரிய வார்த்தை. முத்தமிழுக்கு இருபத்தெட்டு வயது. வந்த வரன்கள் எல்லாம் நகையில் நின்றன. ஒருவனைப் பற்றியும் அவள் பரவாயில்லை என்று சொன்னதில்லை.

"நான் அந்தப் பொண்ணக் கட்டிக்கணுமே."

"அது ஒன் இஷ்டம்" என்றாள். "நான் எதுவும் சொல்ல மாட்டேன். சொன்னா எனக்காகச் சொன்னதா ஆயிடும்."

அடுத்த ஞாயிறு மாமாவும் நானும் நெரவிக்குப் போனோம். கோட்டுச்சேரியிலிருந்து காரைக்காலுக்கு ஒரு பஸ், அங்கிருந்து நெரவிக்கு இன்னொன்று. வழியெல்லாம் மாமா இரண்டு கல்யாணத்துக்குமாகப் பந்திக் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தார். நான் சன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

நீலமேகம் காலில் கட்டுடன் எழுந்து நின்று வரவேற்றார். செம்பியன் ஷிப்டுக்குப் போயிருந்தான். செந்தாமரை காபி கொண்டுவந்தாள். பட்டுப் புடவை, தலை நிறையப் பூ. தட்டைப் பிடித்த விரல்களில் நகக்கண் எல்லாம் சேறு ஏறிக் கறுத்திருந்தது. தேய்த்துப் பார்த்திருக்கிறாள், போகவில்லை.

"ரெண்டு பேரும் தனியாப் பேசுறதுன்னா பேசுங்க" என்றார் மாமா. தாராள மனது.

கொல்லைப் பக்கம் போனோம். வேலிக்கு அந்தப் பக்கம் வயல். சம்பாவுக்கு நாற்றங்கால் உழுது போட்டிருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை, அதைத்தான் பார்த்தாள்.

"இது அஞ்சு ஏக்கர். ரெண்டு சொந்தம், மூணு குத்தகை. நாலு வருசமா நான்தான் பாக்குறேன். அண்ணன் வரப்புல நடந்தாலே வழுக்கி விழுவாரு."

நான் தலையாட்டினேன்.

"நான் ஒங்க வீட்டுக்கு வந்துட்டா குத்தகைய விட்டுடுவாங்க. சொந்தத்தையும் யாருகிட்டயாவது ஒப்படைச்சிடுவாங்க. நான் பாக்குறது சம்பளமா யார் கையிலயும் வர்றதில்ல. அதனால அத வேலைன்னு யாரும் சொல்றதில்ல. வீட்டுல இருக்குற பொண்ணுன்னுதான் சொல்வாங்க. ஒங்க மாமாவும் அப்படித்தான சொன்னாரு?"

"ஆமா."

"நான் வேணாம்னா அண்ணன் கல்யாணத்தக் கெடுத்தவளாயிடுவேன். நீங்க வேணாம்னு சொல்லுங்க. பொண்டாட்டி செத்த ஆம்பள வேணாம்னா ஊரே நல்லவன்னு சொல்லும்."

"சரி" என்றேன்.

அவ்வளவுதான் பேசினோம். மூன்று நிமிடம் இருக்கும். அவளிடம் நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்க எதுவும் தோன்றவில்லை. நிம்மதியாக இருந்தது என்பதுதான் உண்மை.

நான் நினைத்தது இது. என் பாதியை மட்டும் வேண்டாம் என்று சொல்வது. மற்றப் பாதி நடக்கட்டும். நகைக்குக் கடன் வாங்கிக்கொள்ளலாம். திரும்பும் வழியில் காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் வைத்து மாமாவிடம் சொன்னேன்.

"பாதி வியாபாரம் எங்கயாவது உண்டா மாப்ள?" என்றார். "அவங்களுக்குப் பொண்ணு போவணும். அதுக்குத்தான் பையனக் காட்டுறாங்க. நீ கடன் வாங்கிக் கொட்டுற நகைய வச்சு அந்தப் பொண்ணுக்கு அவங்க மாப்பிள்ள தேடணும். அதுக்குப் பதிலா, பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்கிற வேற எடத்துக்கே போயிடுவாங்க."

இருந்தாலும் கேட்டுப் பார்த்தார். இரண்டு நாளில் பதில் வந்தது. முடியாது என்று சொல்லவில்லை. இப்போதைக்கு வேண்டாம் என்று சொன்னார்களாம்.

செந்தாமரை சொன்னபடியே நடந்தது. ஊர் என்னை நல்லவன் என்றது. கடைத்தெருவில் ஒரு பெரியவர் என் தோளைத் தட்டினார். அலுவலகத்தில், இந்தக் காலத்தில் இப்படி ஒரு பாசமா என்று ஒரு அம்மாள் கண் கலங்கினாள். நான் மறுக்கவில்லை. உண்மையைச் சொன்னால் செந்தாமரையைக் காட்டிக்கொடுத்ததாகும். காரணம் அதுதான் என்று சொல்லிக்கொண்டேன்.

நான்கு நாள் முத்தமிழ் சோறு போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். ஐந்தாம் நாள் சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அண்ணிக்காக வேணாம்னு சொன்ன. சரி. அதுல நான் ஒண்ணும் சொல்ல முடியாது. செத்தவங்களோட போட்டி போட முடியுமா?"

"அதுக்காக இல்ல முத்தமிழு."

"வேற எதுக்கு?"

நான் சோற்றைப் பிசைந்தேன். அம்மா கட்டிலிலிருந்து, "விடுடி, சாப்புடட்டும்" என்றாள்.

"சாப்புடட்டும். நான்தான சமைச்சேன். சென்னையில டயாலிசிஸ் யூனிட்டுக்கு ஆர்டர் வந்துச்சே, ஞாபகம் இருக்கா? அண்ணி செத்த பதினாறாம் நாளு சேரணும். போவலன்னு சொன்னேன். நீங்க ரெண்டு பேரும் ஏன்னு ஒரு வார்த்த கேக்கல. நான் வேணாம்னு சொன்னத யாரும் பாசம்னு சொல்லல. தோளத் தட்டல."

அந்த ஆர்டர் எனக்குத் தெரியும். வந்த அன்று நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். மறக்கவில்லை. கணக்கில் எடுக்கவில்லை.

ஒன்றைச் செய்ய எதை விட்டோமோ அதுதான் அதன் செலவு. வாய்ப்புச் செலவு. இரண்டு மதிப்பெண் கேள்வி. வெண்மதி பிள்ளைகளுக்கு அதை இப்படித்தான் எழுதச் சொல்வாள். பதினான்கு மாதம் நான் சாப்பிட்ட சோற்றின் செலவு, சென்னையில் ஒரு வேலை. அடுத்து, நல்லவன் என்ற என் பெயரின் செலவு செம்பியன். இரண்டையும் கொடுத்தது முத்தமிழ். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

மார்கழி கடைசியில் வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது. செந்தாமரை ஓட்டிவந்திருந்தாள். பின்னால் கட்டுக் காலைத் தூக்கிப் பிடித்தபடி நீலமேகம். கையில் பத்திரிகைக் கட்டு.

"மனசுல எதுவும் வச்சுக்கக் கூடாது. நம்ம சனம், சொல்லாம இருக்க முடியுமா?" என்றார் அம்மாவிடம்.

தை பதினெட்டு. ஒரே பத்திரிகையில் இரண்டு ஜோடி. திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு அண்ணன், ஒரு தங்கை. தங்கை செம்பியனுக்கு. அண்ணன் செந்தாமரைக்கு. அவனுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை.

"கல்யாணப் பொண்ணே வண்டி ஓட்டிட்டு வந்து பத்திரிக வைக்கிறத இப்பத்தான் பாக்குறேன்" என்றாள் அம்மா. கசப்பை வேறு எங்கே காட்டுவாள்.

"வேற யாரு இருக்கா அத்த? அப்பாவ இடுப்புல தூக்கிட்டா வர முடியும்?" என்றாள் செந்தாமரை.

நீலமேகம் மட்டும் சிரித்தார். முத்தமிழ் டீ போட்டுக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு அவருடைய காலைப் பார்த்தாள். "கட்டு ஈரமா இருக்கு. மாத்தச் சொல்லுங்க" என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

செந்தாமரை தம்ளரை வைக்கக் குழாயடிக்கு வந்தாள். நான் அங்கே நின்றிருந்தேன். இப்போதும் அவள் விரல்களைத்தான் முதலில் பார்த்தேன்.

"நல்லவன்னு சொன்னாங்களா?" என்று கேட்டாள்.

"சொன்னாங்க."

"இங்கேர்ந்து நெரவிக்கு எவ்வளவு நேரம்?"

"ரெண்டு பஸ்ஸு. முக்கா மணி நேரம்."

"வண்டியில இருவத்தஞ்சு நிமிசந்தான் ஆச்சு. இன்னைக்குத்தான் மொத தடவ வர்றேன்." தம்ளரை வைத்தாள். "காலையில போயி வயலப் பாத்துட்டு மத்தியானம் ஒல வைக்கத் திரும்பியிருக்கலாம். நெதமும். ஒங்க அம்மா ஒத்துக்கிட்டிருப்பாங்களா?"

"தெரியல."

"நீங்க?"

"ஒத்துக்கிட்டிருப்பேன்."

"அன்னைக்கு நான் கேக்கல. கட்டிக்கிறது, இல்ல வேணாங்கிறது, இந்த ரெண்டுதான்னு நெனச்சேன். நீங்களும் கேக்கல. நீங்க படிச்சவரு." கோபமாகச் சொல்லவில்லை. நாற்றின் வயதைச் சொல்வது போலச் சொன்னாள். "பயிரு கதிரு வாங்கிடுச்சு. மாசியில அறுப்பு. நான் இருக்க மாட்டேன்."

மொபெட்டைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். நீலமேகம் தெருமுனை வரை கையைத் தூக்கியபடி போனார்.

திரும்பியபோது முத்தமிழ் அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை.

"அந்தப் பொண்ணு சொல்லித்தான் வேணாம்னியா?"

"ஆமா."

"எங்கிட்டச் சொல்லியிருந்தா நெதமும் போயிட்டு வர முடியுமான்னு நான் கேட்டிருப்பேன். வேலைக்குப் போறவளுக்கு மொதல்ல அதான் தோணும்."

நான் குழாயடிப் பக்கம் நகர்ந்தேன்.

"சென்னைக்குத் திரும்ப எழுதிப் போட்டிருக்கேன். பழைய எடம் இல்லியாம். வேற வார்டு, சம்பளம் கம்மி. கூப்பிட்டா போயிடுவேன். அம்மா கால நீ பாத்துக்க. சோத்தையும் நீ பாத்துக்க."

"எனக்கு ரெண்டு மணி நேரம் ஆவும்."

"ஆவட்டும்" என்றாள்.

உள்ளே போய்விட்டாள். பத்திரிகை கட்டிலில் கிடந்தது. அம்மா அதை எடுத்து விசிறிக்கொண்டாள்.

குழாயடியில் நான்கு தம்ளர்கள் இருந்தன. கழுவினேன். ஐந்து நிமிடம் ஆனது. வெண்மதிக்கு நான்கு ஆகியிருக்கும்.