தெரேசா மிஸ்ஸின் தொண்டை

அறுபத்தெட்டாம் ஆண்டு தெரேசா மிஸ்ஸின் தொண்டையில் கத்தி வைத்தார்கள். பதினைந்து வருடமாகக் கொழும்பு வானொலியில் விருப்பப் பாட்டு நிகழ்ச்சி நடத்திய தொண்டை. உடம்பு தேற மாத்தளைக்குத் தங்கை வீட்டுக்கு வந்த இடத்தில் காயம் சீழ் கட்டி, இங்கேயும் ஆஸ்பத்திரிக் கட்டில்தான். மூன்று வாரம் ஒரு சொல் பேசக்கூடாது என்றார் டாக்டர். மிஸ் ஒரு சிலேட்டை வாங்கி, ஊசியிலிருந்து கஞ்சி வரை எல்லாவற்றையும் எழுத்தில் திட்டிக்கொண்டிருந்தார்.

என் கூட்டாளி ஸக்கரியாவை வானொலிக்குள் இழுத்தவர் அவர். கடைத்தெருவில் துணி கூவி விற்றவன் அவன். பாட்டுக் கேட்டு அவன் போட்ட கடிதத்தில் முப்பத்தொரு பேரின் பெயர் இருந்தது. "இது கடிதமா, வாக்காளர் இடாப்பா?" என்று நிகழ்ச்சியிலேயே கேட்டுவிட்டார் மிஸ். மானம் போனவன் சண்டை பிடிக்கக் கொழும்புக்கு ரயிலேறினான். அவன் கத்தி முடிக்கும்வரை கேட்டிருந்துவிட்டு, "குரல் நல்லாத்தான் இருக்கு. 'ழ' மட்டும் வரல்ல. நாளைக்கும் வந்து கத்துங்க" என்றாராம். இரண்டு வருடத்தில் ஸக்கரியா அறிவிப்பாளன்.

இப்போது மிஸ்ஸின் நிகழ்ச்சியை நடத்தும் வேலையும் அவனுக்கே வந்தது. அதில் மிஸ்ஸை வாழ்த்திப் பேசப்போவதாகச் சொன்னான்.

"செல்லச்சாமி, நீ ரேடியோவ தூக்கிட்டு அவங்க கட்டில் கிட்ட போய் இரு மச்சான். நான் பேசக்குள்ள மொகம் எப்படிப் போகுதுன்னு பாத்து சொல்லணும்."

நான் லக்கல பஸ்ஸில் கண்டக்டர். லீவு போட்டுவிட்டு, பின்னேரம் டிரான்சிஸ்டரோடு போனேன். வார்டே கட்டிலைச் சுற்றிக் கூடிவிட்டது.

"தமிழன்னை ஈன்ற தவப்புதல்வி, குயிலுக்கே இசை பயிற்றிய கோமகள்..." என்று தொடங்கினான் ஸக்கரியா.

மிஸ் சிலேட்டை என் மூக்குக்கு நேரே நீட்டினார். 'நான் செத்துட்டேனா?'

"என்ன எழுதிக்கிறா?" என்று அடுத்த கட்டில் ஸைனம்பு உம்மா கேட்டார். வாசித்துக் காட்டினேன். வார்டு சிரித்தது.

திடீரென்று ரேடியோவில் சத்தம் இல்லை. தாள் புரட்டும் சரசரப்பு மட்டும். மிஸ் கட்டில் விளிம்பை இறுகப் பிடித்தார்.

"மன்னிச்சிக்கோங்க, ரெண்டாவது தாளக் காணல்ல." துணி விற்ற காலத்துக் குரல். "போனதும் நல்லதுதான். அதுல இருந்ததெல்லாம் புளுகு. மிஸ் குயிலும் இல்ல, ஒண்ணும் இல்ல. கோவம் வந்தா காக்கா. என் சோத்துப் பார்சல்ல இருந்து பொரிச்ச மீனத் திருடித் தின்பாங்க. ஆனா மொத நாள் அவங்க நிகழ்ச்சியில நான் மைக்குக்கு முன்னால வாயடைச்சு நின்னப்ப, ஓடிவந்து 'இடி மின்னல், அதான் தடங்கல்'னு நேயர்மாருக்குப் பொய் சொன்னாங்க. வானத்துல ஒரு மேகம் இல்ல. அந்தப் பொய்க்காக ரெண்டு மாசம் அவங்கள மைக் பக்கமே விடல்ல. யாருக்காகச் சொன்னீங்கன்னு மேலதிகாரி கேட்டதுக்கு என் பேரச் சொல்லவும் இல்ல. இப்ப நானே சொல்லிட்டேன். மிஸ், வெரசா வந்து என்னத் திட்டுங்க."

பாட்டு ஒலித்தது. மிஸ் கழுத்துக் கட்டைப் பொத்திக்கொண்டு சத்தமில்லாமல் சிரித்தார். கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. முந்தானையால் சிலேட்டைத் துடைத்து எழுதினார்: 'மடையன். வேலை போகப்போகுது.' எழுத்து கோணிக்கொண்டு போயிருந்தது.

வேலை போகவில்லை. எச்சரிக்கைக் கடிதம் ஒன்றோடு விட்டுவிட்டார்கள்.

மிஸ்ஸின் பழைய குரல்தான் திரும்பவில்லை. கரகரவென்று ஆகிவிட்ட தொண்டை பாட்டு நிகழ்ச்சிக்கு ஒத்துவராது என்று விவசாய நிகழ்ச்சிக்கு மாற்றினார்கள். முதல் மாதமே லக்கலயிலிருந்து ஹுசைன் என்றொரு கமக்காரர் எழுதினார்: 'யானை விரட்டுவது பற்றிப் பேசிய புது ஐயாவின் குரலைக் கேட்டாலே எங்களுக்குத் தைரியம் வருகிறது. ஐயாவின் பெயர் என்ன?'

மிஸ் அதை ஒரு எழுத்து விடாமல் வானொலியில் வாசித்தார்.

"பேரு தெரேசா," என்றார். "யானைக்கு மட்டும் சொல்லிடாதீங்க."