சொக்கம்மாளின் எண்ணெய்ச் சீசா

“தேங்காயெண்ணெய்க்கு மட்டும் இன்னாத்துக்குப்பா குளுருது? நல்லெண்ணெய் சும்மாதான கீது?”

ஆறு வயதில் ஜெனிஃபர் இப்படிக் கேட்டாள். “அதுக்குப் போத்திக்க ஒண்ணும் இல்ல பாப்பா, அதான்” என்றார் அவள் அப்பா பெஞ்சமின். அன்று அவள் தன் துண்டை எண்ணெய்ச் சீசாவுக்குச் சுற்றிவிட்டுத்தான் தூங்கினாள்.

இப்போது அவள் நாக்பூரில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள். மனைவி பிரிஸ்கில்லா இறந்து மூன்று வருடம் ஆகிறது. மிச்சம் இருப்பது பெஞ்சமினும், வாசலில் பனியில் நனைந்து நிற்கும் ஒரு பழைய வெள்ளைக் காரும்தான்.

அந்தக் காருக்கு வாரத்தில் இரண்டு நாள் வேலை உண்டு. திங்களும் வியாழனும் காலை ஐந்து மணிக்கு மேலத்தெருவிலிருந்து சொக்கம்மாளை ஏற்றிக்கொண்டு, உத்திரமேரூர் வழியாகச் செங்கல்பட்டுக்குப் போக வேண்டும். அவருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. ஆறரைக்குள் போய்ப் படுத்தால்தான் டயாலிசிஸ் மெஷினில் அவர் முறை. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், அவர் பேசிக்கொண்டே வருவார். ஏரியில் தண்ணீர் எவ்வளவு, மருமகள் மாவில் உப்புப் போட மறந்தது, பெஞ்சமினின் சட்டையில் இல்லாத பொத்தான், எல்லாம் அதில் வரும். மற்ற ஐந்து நாளும் பெஞ்சமினிடம் யாரும் அவ்வளவு பேசுவதில்லை.

கார்த்திகையில் சாவி கொஞ்சம் இறுக்கமாகத் திரும்பியது. மார்கழி பிறந்ததும் காலையில் திரும்பவே மறுத்தது.

ஒரு வியாழக்கிழமை பெஞ்சமின் ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டிப் பார்த்தார். வீட்டுக்குள் போய் மாற்றுச் சாவியை எடுத்து வந்து போட்டுப் பார்த்தார். உள்ளே போனது, திரும்பவில்லை. வண்டியைக் காணோமே என்று சொக்கம்மாளின் மகன் மோகன் டார்ச்சுடன் தேடிக்கொண்டு வந்துவிட்டான்.

“இன்னாணா, இன்னிக்கும் பேஜாரா?”

“சாவி திரும்ப மாட்டுது மோகன்.”

“பொங்கலுக்குள்ள திரும்புமா?”

சாவியை நாற்பது நிமிடம் கையில் பிடித்தபடி முயன்றதில் எப்படியோ திரும்பியது. அதற்குள் செங்கல்பட்டில் சொக்கம்மாளின் படுக்கையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். கால் வீங்கி, மூச்சு வாங்க, பதினொரு மணிவரை சொக்கம்மாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வீடு திரும்பியதும் மோகன் பெஞ்சமினைத் தனியே அழைத்தான்.

“அம்மா உசுருணா இது. திங்கக்கெயமயும் இப்டின்னா நான் வேற வண்டி பாத்துக்கறேன். தப்பா எடுத்துக்காத.”

அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. பெஞ்சமின் தலையாட்டினார்.

மறுநாள் வெயில் ஏறிய பிறகு மெக்கானிக் பிரபாவிடம் வண்டியைக் கொண்டுபோனார். பிரபா பத்துத் தடவை சாவியைத் திருப்பினான். பத்துத் தடவையும் வண்டி கிளம்பியது.

“வண்டிக்கு ஒண்ணியும் இல்ல பெஞ்சமினண்ணே. இருட்டுல நீதான் வூட்டுச் சாவிய வுட்டுத் திருப்பிக்கினு கீற.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலுக்குக் கிளம்பும்போது மாடத்தில் பிரிஸ்கில்லாவின் எண்ணெய்ச் சீசா கண்ணில் பட்டது. மூன்று வருடமாக அதை அவர் தொடவில்லை. வெயிலில் இளகிக் கிடப்பது, இப்போது வெள்ளையாக உறைந்து நின்றது. ஜெனிஃபரின் கேள்வி நினைவுக்கு வந்தது. காலையில் உறையும், வெயில் வந்தால் இளகும்.

அவர் வாசலுக்கு ஓடினார். சாவியை விட்டு எடுத்துக் கைக்குட்டையில் துடைத்தார். தூசியோடு வெண்ணெய் போல ஒன்று ஒட்டியது. விரலில் தேய்த்ததும் உருகியது. செம்பருத்தியும் வெந்தயமும் கலந்த மணம். வாரத்தில் இரண்டு நாள் பின்சீட்டிலிருந்து வரும் மணம் அது.

ஜெபத்தில் சாவியைப் பற்றிக் கேட்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. சொக்கம்மாளுக்காகக் கேட்டார்.

கோயில் முடிந்து வந்து, உச்சி வெயிலில் பேட்டரி ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு, ஊசிக்குழாயால் சாவித் துவாரத்துக்குள் மண்ணெண்ணெய் விட்டு விட்டுத் துணியில் ஒற்றினார். கறுப்புக் குழம்பாக வந்தது. துவாரம் காய்ந்ததும் ஜெனிஃபரின் பழைய பென்சில் ஒன்றைச் சீவி, கரியைப் பொடித்துச் சாவியில் தடவி விட்டார். அதற்குக் குளிரும் இல்லை, வெயிலும் இல்லை.

வேலை செய்யும்போது பிரிஸ்கில்லாவின் கடைசிக் கிறிஸ்துமஸ் நினைவுக்கு வந்தது. மருந்தில் நாக்கு மரத்துப்போயிருந்த நேரம். அவளைப் பார்க்கச் சொக்கம்மாள் வந்திருந்தார். மேலத்தெருக்காரர்கள் இந்தத் தெருவில் கை நனைப்பதில்லை. அவர் உட்கார்ந்து சாப்பிட்டார். “கத்திரிக்கா கொயம்பு இன்னொரு கரண்டி வுடு பிரிஸ்கில்லா” என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அன்று முழுக்கப் பிரிஸ்கில்லாவின் முகம் வாடவில்லை. அவர் போன பிறகு பெஞ்சமின் அந்தக் குழம்பை வாயில் வைத்தார். உப்பு இரண்டு மடங்கு. விழுங்க முடியவில்லை.

திங்கள் காலை நல்ல பனி. சாவி முதல் திருப்பிலேயே திரும்பியது. மேலத்தெருவில் மோகன் கதவைத் திறந்துவிட்டான்.

“பரவால்லியே. பொங்கலுக்கு முன்னாடியே திரும்பிச்சே.”

உத்திரமேரூரைத் தாண்டும்வரை அடக்கிக்கொண்டு வந்த சொக்கம்மாள் அதற்குமேல் பொறுக்கவில்லை.

“பெஞ்சமினு, உங்கிட்ட சொல்லாம ஒரு வேலை பண்ணிட்டேன். கார்த்திகைல சாவி டைட்டா கீதுன்னு பொலம்பிக்கினு இருந்தியே? நீ டீ குடிக்கப் போனப்ப என் தல எண்ணெய ரெண்டு மூடி அந்தத் தொளைல வுட்டேன். இப்பதான் வேல செய்யுது பாரு.”

பொய் பேசிப் பழகாத வாய்க்கு அன்று பேச்சு சுலபமாக வந்தது.

“நானும் யோசிச்சேம்மா, யார் புண்ணியத்துல ஓடுதுன்னு. உங்க எண்ணெய்தான்.”

“பாத்தியா? மெக்கானிக்குக்குத் தெரியுமா இதெல்லாம்?” என்று சிரித்தபடி பையிலிருந்து ஒரு சின்னச் சீசாவை எடுத்து நீட்டினார். “இத வண்டிலயே வெச்சுக்கோ. வரப்பல்லாம் ரெண்டு மூடி வுடு. எவ்ளோ கொறஞ்சிருக்குன்னு நான் பாப்பேன்.”

ஆறு இருபதுக்கு அவரை உள்ளே விட்டுவிட்டுப் பெஞ்சமின் காருக்குத் திரும்பினார். சுற்றிலும் யாரும் இல்லை. சீசாவை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து, எண்ணெய் இளகும்வரை உருட்டினார். மூன்று வருடமாக எண்ணெய் காணாத தலையில் இரண்டு மூடி ஊற்றி, அழுத்தித் தேய்த்துக்கொண்டார். பிறகு சீசாவை வெளிச்சத்தில் தூக்கி, குறைந்திருப்பது தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, சொக்கம்மாளின் கண்ணில் படும் இடத்தில் வைத்தார்.